கண்ணாடிப் பக்கத்துத் தட்டு

குஞ்சுகள் தன்னைக் கண்டு ஓடுவதைக்கூடப் பொன்செல்வி பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால், தனக்குப் பின்னால் நிற்கும் வேறு யாரையோ பார்த்து அவை ஓடுவதுபோல் இருந்தது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் செந்தில்வேலின் நாட்டுக்கோழிக் குஞ்சுப் பண்ணை இருந்தது. முதல் மனைவி உமா மகேஸ்வரி காய்ச்சலில் போனதும் அதைப் பூட்டிப் போட்டிருந்தான். தை மாதம் பொன்செல்வியைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் மறுபடி திறந்தான். அன்றிலிருந்தே இந்தக் கூத்து. அவள் தீவனத்தோடு உள்ளே கால் வைத்தால் போதும், அத்தனை குஞ்சும் ஒரே மூச்சாய் மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அடியில் மாட்டி நசுங்கிச் செத்தவற்றைச் சூடு ஆறுவதற்குள் அவள்தான் எடுத்துப் போடுவாள்.

கடையத்திலிருந்து குஞ்சு வாங்க வந்த ஹைருன் பீவி ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்.

"உமா பொரிச்ச குஞ்சுன்னா மடியில வந்து உக்காரும். உன் குஞ்சு என்னட்டி, பேயைக் கண்ட மாதிரி ஓடுது?"

விளையாட்டாகச் சொன்ன பேச்சுதான். மாமியார் வடிவம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது. உமா இன்னும் பண்ணையை விட்டுப் போகவில்லை, வந்தவளை ஏற்கவும் இல்லை என்று முடிவு கட்டினாள். வெள்ளிக்கிழமை பேயோட்டுகிற கோடாங்கியை வரவழைத்து உமாவின் ஆவியைக் கட்டிவிடுவதாக ஏற்பாடு. செந்தில்வேல் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எல்லாப் பண்ணையிலும் குஞ்சு ஓடத்தான் செய்யும் என்று முனகிவிட்டு எழுந்து போனான். அந்த மௌனத்தில்தான் பொன்செல்வி உடைந்து போனாள். செத்தவளை நினைத்து மௌனமாக இருக்கிறானா, தன்னை வேண்டாம் என்று மௌனமாக இருக்கிறானா? எதுவென்று தெரியாமல் இந்த வீட்டில் எப்படி இருப்பது? வெள்ளிக்கிழமை கழிந்ததும் சிவகிரியில் இருக்கும் பிறந்த வீட்டுக்கே போய்விடுவது என்று மனசுக்குள் துணிகளை மடிக்கத் தொடங்கியிருந்தாள்.

அவளைப் பயமுறுத்தியது இன்னொன்றும் உண்டு. அதை யாரிடமும் சொல்லவில்லை. முட்டைகளை அடுக்கிக் குஞ்சு பொரிக்க வைக்கிற மெஷினின் கதவில் சின்னக் கண்ணாடி ஒன்று இருந்தது. செந்தில்வேல் அதன்மேல் செய்தித்தாளை ஒட்டி மறைத்திருந்தான். சாரல் தொடங்கிய நாளில் அந்தத் தாள் பாதி உரிந்து தொங்கியது. பசை தடவி ஒட்டினாள். மறுபடியும் உரிந்தது. யாரோ உள்ளேயிருந்து நகத்தால் சுரண்டுவதுபோல் ஓரம் சுருண்டு சுருண்டு வந்தது. மூன்றாம் முறை ஒட்டக் கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜாக்கெட்டுக்குள் முதுகு சில்லிட்டது.

அப்போது மெஷினில் இருந்த ஒரு ஈடு முட்டைகளும் வியாழக்கிழமை பொரித்து முடிந்தன. தட்டு வாரியாகக் குஞ்சுகளைத் தனித்தனிக் கூடையில் எடுத்து வைப்பது அங்கே வழக்கம். பயந்துகொண்டேதான் கூடைகளைத் திறந்தாள். முதல் கூடை சிதறியது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் கை விட்டபோது எதுவும் ஓடவில்லை. ஒரு குஞ்சு தலையைச் சாய்த்து, வலது கண்ணால் அவளை நிதானமாகப் பார்த்தது. பிறகு விரலில் ஏறி நின்றது. அடுத்ததும் வந்தது. பொன்செல்விக்கு அழுகை முட்டியது. அது பயத்தாலா சந்தோஷத்தாலா என்று அவளுக்கே விளங்கவில்லை.

அது மேல்தட்டு, கண்ணாடியை ஒட்டி இருந்த தட்டு. தாள் உரிந்த வழியாகப் பண்ணையின் டியூப் லைட் பகலெல்லாம் விழுந்த தட்டு.

கூடையைக் கீழே வைத்துவிட்டு மெஷினைத் திறந்து உள்ளே தலையை விட்டாள். மேல் மூலையில் வெறும் ஹோல்டர் ஒன்று, பல்பு இல்லாமல் இருந்தது.

செந்தில்வேல் வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. திரும்பாமலே கேட்டாள்.

"இதுக்குள்ள லைட் இருந்துச்சா?"

வெளியே சாரல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"அவதான் மாட்டச் சொன்னா. முட்டைக்குள்ள குஞ்சு ஒரு கண்ணை ஓட்டுப் பக்கமா வச்சுத்தான் படுத்திருக்குமாம். வெளிச்சத்தைப் பார்த்துட்டே வந்தா பொறந்த பிறகு பயப்படாதுன்னு சொல்லுவா. விடிஞ்சதும் போட்டு, விளக்கு வைக்க நேரத்துல அணைப்பா. நான் அதைப் பெருசா எடுத்துக்கல." உள்ளே வந்து மெஷின் கதவைப் பிடித்துக்கொண்டான். "பண்ணையைத் திறந்த அன்னைக்கு லைட்டைப் போட்டேன். கண்ணாடி வழியா வெளிச்சம் வந்ததும் அவ உள்ள நிக்குத மாதிரி இருந்துச்சு. உன்னைக் கூட்டிட்டு வந்துட்டு, அதைப் பார்த்துட்டு எப்படி நிக்கது? கழத்திட்டேன். தாளையும் ஒட்டினேன்."

"எனக்காகவா?"

"உனக்காகத்தான்."

பொன்செல்வி அவன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை மாதமாக அவளைத் துரத்தியது உமா இல்லை. உமாவை அவள் கண்ணில் படாமல் மறைக்க இந்த மனிதன் பட்ட பாடுதான்.

"நாளைக்குக் கோடாங்கி வர வேண்டாம்னு அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க," என்றாள். "வரும்போது ஒரு பல்பும் வாங்கிட்டு வாங்க."

மிச்சமிருந்த தாளையும் அவளே உரித்தாள்.

பல்பு மாட்டிய பிறகு ஆடியில் பொரித்த குஞ்சுகளை மடியில் போட்டுக்கொண்டு ஹைருன் பீவி வெகுநேரம் தடவிக்கொடுத்தாள். பிறகு, உமா கை இவளுக்கும் வந்துட்டே என்றாள். பொன்செல்வி மறுக்கவில்லை.

இப்போதும் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த மெஷின் லைட்டின் சுவிட்சுக்குப் பக்கத்தில் போனால் அவள் முதுகு லேசாகச் சில்லிடத்தான் செய்கிறது. கண்ணாடியில் ஒரு பெண்முகம் தெரியும். தன் முகம்தான் என்று தெரிந்தாலும் ஒரு கணம் நிற்பாள்.

"அணைக்கட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் அணைப்பாள்.