ஹீரோ வரும்போது கத்தாதீர்கள்

இரண்டாம் பாகம் எடுப்பவர்களை நான் லேசில் மன்னிப்பதில்லை. முதல் படம் ஓடிவிட்டது என்பதற்காக இன்னொன்று எடுப்பது, ஆறிப்போன காப்பியைச் சுட வைத்து நீட்டுகிற மாதிரி. குடிக்கலாம், ஆனால் காப்பி என்று சொல்ல முடியாது. முதல் பாகத்தில் குத்துப்பட்டுச் செத்தவனுக்கு இரண்டாம் பாகத்தில் அச்சு அசலாக ஒரு தம்பி முளைப்பான். ஹீரோ மீசை வைத்தால் அப்பா, எடுத்தால் மகன். கடைசியில் பெயர்கள் ஓடும்போது எவனாவது ஒருவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நம்மைப் பார்த்துச் சிரிப்பான். அது மூன்றாம் பாகத்துக்கு அச்சாரம். கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், இதையெல்லாம் நின்று சொல்லிவிட்டுத்தான் என் தேங்காய் மண்டியைத் திறப்பேன்.

ஆனால் ‘செங்காட்டான்’ கதை வேறு. அதன் இரண்டாம் பாகத்துக்கு நாங்கள் பன்னிரண்டு வருடம் காத்திருந்தோம். அதற்குள் எனக்குத் தலை நரைத்தது, மன்றத்தில் பாதிப் பேர் பிள்ளைகுட்டிக்காரர்கள் ஆனார்கள், ஹீரோ மட்டும் அப்படியே இருந்தார். அவருடைய கொழிஞ்சாம்பாறை ரசிகர் மன்றத்துக்கு நான்தான் தலைவன். சிவப்பிரகாஷ் என்றால் யாருக்கும் தெரியாது, ‘செங்காட்டான் மண்டி’ என்றால் வழி சொல்வார்கள்.

எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டில் பெரிய படத்துக்கு முதல் காட்சி காலை ஒன்பது மணிக்குத்தான். இங்கே கேரளாவில் கோழி கூவும்போதே தொடங்கிவிடும். அதனால் பொள்ளாச்சிக்காரர்கள் கோபாலபுரம் செக்போஸ்ட் வழியாகவும், கோவைக்காரர்கள் வேலந்தாவளம் வழியாகவும் பைக்கில் வந்து குவிவார்கள். தமிழ்ப் படத்தைச் சென்னை பார்ப்பதற்கு முன்னால் கொழிஞ்சாம்பாறை பார்த்துவிடும். மற்ற நாளில் எங்களைப் ‘பாலக்காட்டுப் பக்கம்’ என்று ஒதுக்கிப் பேசுகிறவன்கூட அன்று டிக்கெட்டுக்காக எங்களை ‘அண்ணா’ என்பான்.

இந்த முறை எனக்குப் பதற்றம் படத்தைப் பற்றி அல்ல. என் தங்கை நர்மதாவின் கணவன் மோகனசுந்தரத்தைப் பற்றி.

மாப்பிள்ளைக்குக் கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு ஆலையில் வேலை. கோயில் விசேஷம் என்றால் மேடையில் மிமிக்ரி. எந்த நடிகரின் குரல் கேட்டாலும் பேசுவான். அதிலும் அவிநாசி மாரப்பன் குரல் என்றால், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மாரப்பனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது போல இருக்கும். ‘செங்காட்டான்’ முதல் பாகத்தில் ஹீரோவின் சித்தப்பாவாக வந்து எங்களை அழவைத்தவர் மாரப்பன். இரண்டாம் பாகத்தில் தன் காட்சிகளை நடித்து முடித்தவர், டப்பிங் பேசுவதற்கு முன்பே இறந்துபோனார். அந்தக் குரலுக்கு ஆள் தேடியபோது, மாப்பிள்ளையின் மேடை வீடியோ ஒன்று யார் கையிலோ பட்டுச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். போய்ப் பேசிவிட்டு வந்தான்.

அதோடு படம் நின்றது. தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் வழக்கு, அப்புறம் கொரோனா, அப்புறம் இன்னொரு வழக்கு. அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளைக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கோவையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, குரல் போயிற்று. ஊரில் உள்ள அத்தனை பேர் குரலிலும் பேசியவன், கழுத்தைச் சுற்றி ஒரு துண்டும் கையில் ஒரு போனுமாக ஆகிவிட்டான். எதைச் சொல்ல வேண்டுமானாலும் அதில் தட்டித்தான் காட்டுவான். அவன் மகள் கிருத்திகாவுக்கு அப்போது இரண்டு வயது.

போன வருடம் ஒரு நாள் அந்தப் பிள்ளை, “அம்மா, அப்பாவோட கொரல் எப்படி இருக்கும்?” என்று கேட்டிருக்கிறாள்.

நர்மதா வீட்டில் இருந்த போன்களையெல்லாம் நோண்டினாள். வீடியோவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் அவன் வாய் வழியாகப் பேசியது வேறு யாரோ நடிகர். கல்யாண வீடியோ முழுக்கச் சினிமாப் பாட்டு, காதுகுத்து வீடியோவிலும் அதே. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய குரல் செய்திகளில்கூட, “பால் வாங்கிட்டு வரட்டா?” என்று கேட்டது ஒரு வில்லன் நடிகர். அத்தனை பேர் குரலையும் சேர்த்துவைத்திருந்த வீட்டில் அவன் குரல் மட்டும் இல்லை. என் தங்கை அன்றைக்கு அழுத அழுகையை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன்.

இரண்டாம் பாகத்தின் டிரெய்லர் வந்த அன்று மாப்பிள்ளை மண்டிக்கு வந்தான். போனில் தட்டி என் முன்னால் நீட்டினான்.

‘ஹீரோ அறிமுகம் முடிஞ்ச ஒடனே ஒரு ரோட்டுக் கடக்காரர் ரெண்டு வார்த்த பேசுவாரு. அவருக்குக் கோயமுத்தூர்ப் பேச்சு வேணும்னாங்க. ஆள் இல்ல. நானே பேசிட்டேன். என்ற சொந்தக் கொரல்ல.’

நான் அதை இரண்டு தரம் படித்தேன். “ஏன் மாப்ள, ஊடு முழுக்கத் தேடிச் சலிச்சமே, இத்தன நாளா இதச் சொல்லலியே நீங்க?”

‘படம் வராதுன்னு நெனச்சேன் மச்சான். பிள்ளைக்கு ஆசையக் காட்டி ஏமாத்த மனசு வல்ல.’

“சரி, என்ன வசனம்?”

சிரித்துக்கொண்டே தட்டினான். ‘அதப் படத்துல பாருங்க.’ அவனும் ரசிகன்தானே.

முதல் காட்சிக்கே போவோம் என்று நான் சொன்னதும் நர்மதா என்னை முறைத்தாள். “ஏனுங்ண்ணா, அந்தக் கூச்சல்ல இடி உழுந்தாக்கூடக் கேக்காதுங். அதுலயும் கத்தறதுக்குத் தலைவரே நீங்கதான். திங்கக்கெழம போலாமுங், கூட்டம் கொறஞ்சுரும்.”

“திங்கக்கெழம அந்தக் கட படத்துல இருக்கோணுமே கண்ணு!” என்றேன்.

அவளுக்கு விளக்கினேன். படம் மூன்று மணி நேரத்துக்கு மேல். முதல் நாள் சாயங்காலமே ‘நீளம் ஜாஸ்தி’ என்று ஊரே பேசும், மறுநாள் இருபது நிமிடம் வெட்டிவிடுவார்கள். பின்னால் வீட்டு டீவிக்கு வருவதும் வெட்டியதுதான். வெட்டும்போது ஹீரோமேல் கை வைப்பார்களா, பாட்டில் கை வைப்பார்களா? ரோட்டோரக் கடைக்காரன் கழுத்தில்தான் முதல் கத்தி. இந்த விஷயத்தில் என் கணக்கு இதுவரை தப்பியதில்லை. அவள் ஒத்துக்கொண்டாள். மாப்பிள்ளை ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டான், தன்னைப் பற்றி அங்கே யாரிடமும் சொல்லக் கூடாது என்று. பாவம் என்று யாரும் திரும்பிப் பார்ப்பது அவனுக்குப் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை விடியும்முன் தியேட்டர் வாசலில் எள் போட இடமில்லை. செண்டை மேளம் ஒரு பக்கம், பொள்ளாச்சிக்காரர்களின் தாரை தப்பட்டை இன்னொரு பக்கம். கட்அவுட் பாலில் குளித்தது. மற்ற நாளாக இருந்தால் நான் தோளில் ஏறி ஆடியிருப்பேன். அன்று நேராக உள்ளே போய், திரைக்கு முன்னால் நின்று கையைக் கூப்பினேன்.

“ஒரே ஒரு வேண்டுகோளுங்க. ஹீரோ வரும்போது தயவுபண்ணிக் கத்தாதீங்க.”

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு தியேட்டரே சிரித்தது. பொள்ளாச்சி மன்றத்துத் தலைவர் பூபதிராஜா எழுந்தார். ஆள் ஆறடி, மீசை தனி. “ஏனுங்ண்ணா, கத்தாம படம் பாக்கறதுக்குச் செக்போஸ்ட் தாண்டி வரோணுமுங்ளா? ஊட்லயே ஒக்காந்து நியூஸ் பாத்துக்கலாமுங்களே!”

நியாயம்தான். முதல் காட்சியில் கத்தாதவன் ரசிகனே இல்லை என்று ஊருக்குச் சொல்லித் திரிந்தவன் நான். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

படம் தொடங்கியது. கொட்டுகிற மழை, இருட்டு ரோடு, ஒரு குடை. குடைக்குக் கீழே ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்தபடி யாரோ நடந்து வருகிறார். குடை மெல்ல மேலே எழுகிறது. முகம் தெரிந்ததுதான் தாமதம், கூரை பிய்த்துக்கொண்டு போனது. காகிதம் பறந்தது, நாற்காலிகள் அதிர்ந்தன. திரையில் ரோட்டோரமாக ஒரு கடை வந்தது, ஒரு வயதானவர் எட்டிப் பார்த்து வாயசைத்தார். ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. கடை போய்விட்டது.

கிருத்திகா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “மாமா, எங்கப்பா பேசியாச்சுங்ளா?”

“பேசியாச்சு கண்ணு.”

“எனக்குக் கேக்கலியே!”

அந்தப் பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நல்லவேளை, பின்னால் இருந்து “ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!” என்று கூப்பாடு கிளம்பியது. ஆபரேட்டர் ஜோஜோ எங்கள் கூட்டத்தைப் பழகியவன். படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டான். மறுபடி மழை, மறுபடி குடை. இந்தத் தரம் முன்னைவிட அதிகமாகக் கத்தினார்கள். கடைக்காரர் மறுபடி ஊமையாக வாயசைத்துவிட்டுப் போனார்.

நர்மதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்து ஒரே ஒரு சொல் தட்டி என் பக்கம் திருப்பினான்.

‘சொல்லுங்க.’

நான் படியேறி ஆபரேட்டர் அறைக்கு ஓடினேன். படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டு, இன்னொரு தரம் முதலிலிருந்து ஓட்டச் சொன்னேன். “சேட்டா, இது மூணாமத்தெ ப்ராவஸ்யமா!” என்று, மூன்றாவது தரமா என்கிற மலைப்பில் ஜோஜோ தலையில் கை வைத்தான். வைத்தாலும் நிறுத்தினான். நான் கீழே வருவதற்குள் தியேட்டர் என்னைக் கெட்ட வார்த்தையில் அர்ச்சனை பண்ணிக்கொண்டிருந்தது. நாற்காலிமேல் ஏறினேன்.

“அந்தக் கடக்காரருக்குக் கொரல் குடுத்தது எங்க மாப்ளைங்க. இதா இவருதான். பொறகு தொண்டைல ஆப்ரேசன் ஆகி இவருக்குப் பேச்சே போயிருச்சுங்க. இவரு கொரல் இந்த ஒலகத்துல வேற எங்கயும் இல்லீங்க, இந்தப் படத்துல மட்டுந்தான் இருக்குது. இந்தப் புள்ளைக்கு அவிய அப்பன் கொரலே நெனப்புல இல்லீங்க. ஒரே ஒரு தடவைங்க. அப்பறம் நானும் உங்ககூடக் கத்தறேன்.”

மாப்பிள்ளை எழுந்து நின்றான். யாரும் கேட்காமலே கழுத்துத் துண்டை எடுத்தான். கழுத்தில் இருந்த துளையை எல்லோரும் பார்த்தார்கள்.

பூபதிராஜா தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். “டேய், ஒருத்தன் மூச்சு உடக் கூடாது. விசிலு, கிசிலு எல்லாத்தையும் பாக்கெட்டுல போடு.” பிறகு என்னைப் பார்த்து, “போடச் சொல்லுங்ண்ணா” என்றார்.

நான் சொன்னபடியே மறுநாள் படத்தை வெட்டினார்கள், அந்தக் கடையும் போயிற்று. அதை எண்ணி எனக்கு வருத்தமே இல்லை.

அன்று மூன்றாம் தரமாக விளக்கு அணைந்தது. மழை தொடங்கியது. என் ஆயுசில் ஒரு ஹீரோ அறிமுகத்தில் மழைச் சத்தத்தை நான் கேட்டதே கிடையாது. அதற்கு அடியில் ஒரு புல்லாங்குழல் வாசிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குடை எழுந்தது. பன்னிரண்டு வருடம் காத்திருந்த அந்த முகம் திரை முழுக்க வந்து நின்றது. தியேட்டர் நிறைந்த கூட்டத்தில் ஒருவர்கூட அசையவில்லை. எனக்கு முன்வரிசையில் ஒருவன் இரண்டு கையாலும் தன் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். எத்தனையோ கோயில் கும்பாபிஷேகம் பார்த்திருக்கிறேன், அப்படி ஓர் அமைதியை எங்கேயும் கண்டதில்லை.

கடை வந்தது. கிருத்திகா திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவள் தாடையைத் தொட்டு, அவள் முகத்தை மெல்லத் தன் பக்கம் திருப்பினான். டப்பிங்காரனுக்கு உதடு தப்புமா? கடைக்காரர் வாய் திறந்த அதே நொடியில் அவனும் திறந்தான்.

“ஏங் கண்ணு, இப்பிடியா நனைஞ்சுட்டு வர்றது? உள்ள வா சாமி. தோச சுடச்சுட இருக்குது. எத்தன வேணும்?”

குரல் திரையிலிருந்துதான் வந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அது அவன் வாயிலிருந்து வந்தது. ஒரு எழுத்துகூட முன்பின் போகவில்லை. கொஞ்சம் மூக்கால் இழுத்து, ‘சாமி’யில் ஒரு சின்னச் சிரிப்போடு, நாங்கள் மறந்தே போயிருந்த எங்கள் மோகனசுந்தரம் தன் மகளிடம் பேசினான். நர்மதா அவன் தோளில் சாய்ந்துவிட்டாள்.

பிள்ளை திரையின் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவின் வாயைப் பார்த்தபடியே, தினமும் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“ரெண்டு போதும்ப்பா.”