கயிற்றில் போகாத வண்டி

"இழுக்கிற வண்டிக்குப் போன் போட்டாச்சு அத்தை. இனி அதைப் பத்திப் பேசாதீங்க."

"போட்ட கையோட வேண்டாம்னும் சொல்லிடுங்க மாப்பிள்ளை. அவர் வண்டி எவன் கயித்துலயும் போகாது."

"அம்மா, உள்ள அப்பாவைப் படுக்க வெச்சுட்டு வாசல்ல நின்னு காருக்குச் சண்டை போடுறியே, நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"நாலு பேரும் நினைச்சு முடிச்சாச்சு. மாடி வீட்டுக்காரி ஜன்னலை விட்டு நகரலை, பாரு."

மாடி வீட்டுக்காரி நகர்ந்தாள், அடுத்த ஜன்னலுக்கு.

டீச்சரின் குரல் அப்படி. பள்ளி மைதானத்தில் விசில் இல்லாமலே பிள்ளைகளை ஓடவைத்தவள். ஓய்வு பெற்ற பிறகு தெருவை ஓடவைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவர் சர்வேயர், முந்தின நாள் மாலை காரை கேட்டுக்குள் பாதி நுழைத்து நிறுத்திவிட்டு, "தண்ணி குடிச்சுட்டு வந்து முழுசா உள்ள விடுறேன்" என்று கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தண்ணீர் வருவதற்குள் போய்விட்டார்.

கார் மூக்கு வாசலிலும் வால் தெருவிலுமாக அப்படியே நின்றது. இரண்டு பக்கமும் தூண். துக்கத்துக்கு வந்தவர்கள் வயிற்றை எக்கி, தூணை உரசி, சட்டையில் சுண்ணாம்போடுதான் அழ வந்தார்கள். அவர்களாவது வந்தார்கள், அவரை வைத்துத் தூக்கும் பெட்டி அந்தச் சந்தில் போகாது. அமரர் ஊர்திக்காரர் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, மயானத்தில் கொடுத்த நேரத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக்கோ சாயங்காலம்தான் வர முடியும் என்றுவிட்டார்.

இன்ஜின் ஓடியது. தானாக மாறும் கியர்தான் 'பார்க்' நிலையை விட்டு அசைய மறுத்தது.

அந்த வண்டி வாங்கும்போதே பழசு. ஆனால் தெருவில் யாருடைய வண்டி நின்றுபோனாலும் சர்வேயர் அங்கே போய், "நம்ம வண்டி இதுவரைக்கும் எவன் கயித்துலயும் போனதில்ல" என்று சொல்லிவிட்டு வருவார். உதவி செய்யப் போனாரா, அதைச் சொல்லத்தான் போனாரா என்பது தெருவில் இன்னும் முடிவாகாத விஷயம். அந்த வாயை மூடிப் படுக்கவைத்த நாளிலே, அத்தனை பேர் பார்க்க, கொக்கி மாட்டி இழுப்பதா? டீச்சர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். அழுகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"மாப்பிள்ளை, உள்ள உக்காந்து பிரேக்கை மிதிங்க."

மிதித்தார். டீச்சர் பின்பக்க விளக்குகளை எட்டிப் பார்த்தாள்.

"எரியல. ஃபியூஸ் போயிருக்கு. பிரேக் மிதிச்சது அதுக்குத் தெரியல, அதான் கியரை விட மாட்டேங்குது. இறங்குங்க."

ஃபியூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே, கால் வைக்கும் இடத்துக்கு மேலே இருந்தது. வேண்டிய ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் கொத்துகளை இணைக்கும் இரண்டு பிளாஸ்டிக் கப்ளர்கள், ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல், வழி மறித்து உட்கார்ந்திருந்தன. மாப்பிள்ளை ஒயரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். கார்தான் ஆடியது.

"ஒயரை அத்துடாதீங்க. நகருங்க."

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, மண்டி போட்டு, தலையை உள்ளே நுழைத்தாள். மாப்பிள்ளை செல்போன் லைட்டை அடித்தார்.

சர்வேயர் தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்வார் என்பது தெருவறிந்த பெருமை. பார்த்துக்கொண்ட விதம் டீச்சருக்கு மட்டும் தெரியும். அவர் இதே இடத்தில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு, இழுத்து, திட்டி, மறுபடி இழுப்பார். டார்ச்சோடு நிற்கும் அவள், "முதல்ல உள்ள தள்ளுங்க. அப்புறம் பூட்டு நாக்கை அமுக்குங்க. அப்புறம் இழுங்க" என்பாள். "எனக்குத் தெரியும்டி" என்பார். கொஞ்ச நேரம் கௌரவத்துக்குச் சும்மா கிடந்துவிட்டு, உள்ளே தள்ளுவார். கழன்று வரும். பிறகு தெருவுக்குப் போய்க் கையைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு நிமிஷ வேலை" என்பார்.

வெள்ளைக் கப்ளர் சொன்னபடி கேட்டது. சாம்பல் கேட்கவில்லை. அதன் பூட்டு நாக்கு உள்தகட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. தூசி இறுகிக் கல்லாகியிருந்தது.

"அத்தை, ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பிடவா?"

"நெம்பினா நாக்கு உடையும். அப்புறம் ஒவ்வொரு மேடு பள்ளத்துலயும் கழண்டு விழும். லைட்டை என் கையில காட்டுங்க, மூஞ்சியில காட்டாதீங்க."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. டார்ச் பிடிக்கும் அவளை அவர் அதட்டுவது இப்படித்தான்.

தெருமுனையில் இழுக்கும் வண்டி வந்து ஹாரன் அடித்தது. கொக்கி அசைந்தது. கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது.

அவள் கட்டைவிரலால் கப்ளரை உள்ளே அழுத்தினாள், இன்னும் அழுத்தினாள். எங்கோ மெல்லிசாக 'டிக்' என்றது. நகத்தை நாக்குக்கு அடியில் கொடுத்து, இடமும் வலமுமாக ஆட்டினாள். நகம் முறிந்தது. கப்ளர் கையோடு வந்தது.

"உன் புருவம் புடுங்குற இடுக்கியைக் குடுடி."

மகள் கைப்பையைத் துழாவிக் கொடுத்தாள். நீல ஃபியூஸ் வெளியே வந்தது. உள்ளே கம்பி கருகியிருந்தது.

"வேற ஏதும்மா இப்ப?"

"சிகரெட் பத்த வைக்கிற ஓட்டைக்கும் இதே நீலம்தான். அதைப் புடுங்கி இங்க போடு. அவர்தான் சிகரெட்டை விட்டாச்சே."

மகள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். கப்ளர்கள் திரும்ப மாட்டப்பட்டன. டீச்சரே ஏறி சீட்டு நுனியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். பின்னால் நின்றவர்களின் வெள்ளைச் சட்டைகளெல்லாம் சிவந்தன. கியர் எளிதாக இறங்கியது. தூணில் ஒரு கீறல் படாமல் பின்னால் எடுத்து, இழுக்கும் வண்டியைத் தாண்டிக்கொண்டுபோய் ஓரமாக நிறுத்தினாள். தாண்டும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் போனாள். எல்லாரும் பார்க்கட்டுமே.

மாடி வீட்டுக்காரி அதற்குள் கீழே இறங்கியிருந்தாள்.

"இதெல்லாம் எப்ப டீச்சர் கத்துக்கிட்டீங்க?"

"எல்லாம் அவர் சொல்லிக் குடுத்ததுதான். அவருக்கு ரெண்டு நிமிஷ வேலை. எனக்கு இவ்வளவு நேரமாயிடுச்சு."

சின்ன வயதில் கூடவே நின்று எல்லாவற்றையும் கேட்டு வளர்ந்த மகள் வாயைத் திறந்தாள். டீச்சர் ஒரு பார்வை பார்த்தாள். மகள் வாயை மூடிக்கொண்டாள்.

"நின்னது போதும். போய் அவரைத் தூக்குங்க" என்றாள் டீச்சர்.

அதற்கப்புறம் நடந்தது தெருவில் எல்லாருக்கும் தெரியும். மாடி வீட்டுக்காரியின் தங்கை அந்த இழுக்கும் வண்டிக்காரரையே கட்டிக்கொண்டாள். அன்றைக்கு அவர் வெறுங்கையோடு திரும்பினார் என்று யாரும் சொல்ல முடியாது. மகளும் மாப்பிள்ளையும் வேலை மாற்றலாகித் தூர ஊருக்குக் குடிபோனார்கள். டீச்சரையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவள் போகவில்லை. ரயிலடிக்கு அவர்களை அவளே அந்தக் காரில் கொண்டுபோய் விட்டாள்.

கிளம்பும்போது மாப்பிள்ளை, "கால் எட்டலையே அத்தை" என்று சீட்டை முன்னால் தள்ளித்தரக் குனிந்தார். சர்வேயர் நெட்டை, சீட்டு அவர் கால் நீளத்துக்குப் பின்னால் கிடந்தது.

"அது அங்கேயே இருக்கட்டும்" என்று டீச்சர் வீட்டுக்குள் போய், ஒரு தலையணையைக் கொண்டுவந்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.