ரத்தத்தில் எழுநூற்றுப் பத்து

என் மகளின் உடம்புக்குப் புரதம் ஆகாது. நானும் அவள் அம்மாவும் ஆளுக்குப் பாதியாகக் கொடுத்த பரம்பரைச் சொத்து அது. வேறு சொத்து கிடையாது. செரிக்காத சத்து ரத்தத்தில் ஏறினால் சின்ன வயதில் அவள் மூளைக்கு ஆபத்து; இப்போது அவள் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளை கெடும். அதனால் பால், முட்டை, பருப்பு, கறி எதுவும் கூடாது. அளந்த சோறு, அளந்த கிழங்கு, புரதத்துக்குப் பதிலாக மூன்று வேளையும் நாற்றமடிக்கும் மருந்து மாவுக் கரைசல். அதைக் குடித்த பூனை ஒன்று லாரியை இழுத்துப் போனதை நானே பார்த்தேன் என்று சொல்லித்தான் சின்ன வயதில் அவளைக் குடிக்க வைத்தேன். லாரி நிறையச் செங்கல் வேறு.

மாப்பிள்ளை பார்சல் ஆபீசில் எடை போடுகிறவர். வீட்டில் பட்டாணி உருண்டோடினாலும் துரத்திப் பிடித்துத் தராசில் வைப்பார்.

மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனை. முந்நூற்று அறுபதைத் தாண்டக் கூடாத அந்தச் சத்தின் அளவு எழுநூற்றுப் பத்தில் நின்றது.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. முட்டை கிட்டை குடுத்தீங்களா?"

"சத்தியமா இல்ல மாப்பிள்ளை."

"எது மேல? லாரி இழுத்த பூனை மேலயா?" என்றாள் மகள். அவள் சிரிக்கவில்லை.

எப்போதோ ஒரு தடவை உண்மை பேசினேன், வாங்க ஆளில்லை. சமையலறைப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. மாப்பிள்ளை கிழங்கைப் பாதியாக்கினார். அவள் பயத்தில் அதிலும் பாதியை ஒதுக்கினாள். அடுத்த வாரம் எண்ணூற்று நாற்பது.

உணவு ஆலோசகரிடம் ஓடினோம். அந்த அம்மா முதலில் இவளைத்தான் எடை மெஷினில் ஏற்றினார்.

"மூணு கிலோ குறைஞ்சிருக்கு. வாந்தியா?"

"ஒரு மாசமா. எல்லாருக்கும் வர்றதுதானேன்னு..."

"கரைசல் உள்ள நிக்குதா?"

"பாதி வெளிய வந்துடும்."

"பட்டினி கிடந்தா உடம்பு தன் சதையையே கரைச்சுத் தின்னும்மா. சதையும் புரதம்தான். நீங்க குறைக்கக் குறைக்க அது ஏறியிருக்கு."

எல்லாவற்றையும் எடை போட்ட மனிதர், பெண்டாட்டியை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"பிள்ளைக்கு ஏதாவது..." என்றாள் மகள்.

"இப்போ சொல்ல முடியாது. ரத்தத்துல அந்த அளவைச் சீக்கிரம் இறக்கணும். அதுதான் நம்ம கையில இருக்கு."

வீட்டுக்கு வந்து வாந்தி மாத்திரை போட்டு, கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, முழுத் தட்டின் முன் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணும் ஆயிருக்காதில்ல?"

"தெரியலம்மா. சாப்பிடு."

ஐந்தாவது வாயில் குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளையும் நானும் மூச்சு விடாமல் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விழுங்கினாள்.