புதன்கிழமைக்கு முழு ஆதரவு

அந்த சலூன்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக்செட் என்றால்தான் தெரியும். காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது திறக்கிற வாய், ராத்திரி அதை இறக்கும்போதுதான் மூடும். பெட்ரோல் விலையிலிருந்து பக்கத்து நாட்டுச் சண்டை வரைக்கும் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எங்கே எழுந்து ஓடுவது?

ஆறு மாதத்துக்கு முன்னால் மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. சின்னக் கடைகளெல்லாம் வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் மூடியிருக்க வேண்டும். சலூன்களுக்குப் புதன்கிழமை. அன்றிலிருந்து மைக்செட்டுக்கு வேறு பேச்சே இல்லை. "என் கடை, என் கத்தரிக்கோல், நடுவுல அரசாங்கம் யாருய்யா?" என்று சவரம் செய்துகொண்டே ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்பார். கேட்டதைக் காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் குறித்துவைப்பார். எதிர்ப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு, ஆதரவு பூஜ்யம். கழுத்தில் கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது எவன் ஐயா மாற்றுக் கருத்து சொல்வான்? இந்த ஒரு விஷயம் மட்டும் அவருக்கு உறைக்கவே இல்லை.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. சட்டத்தை வைத்துக்கொள்வதா எடுத்துவிடுவதா என்று வாக்காளர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தப்போகிறார்களாம். எல்லா வீட்டுக்கும் வர மாட்டார்கள், தெருவுக்கு ஒன்றிரண்டு வீடுதான். மைக்செட்டுக்குத் தூக்கம் போயிற்று. நம் வீட்டுக்கு வரவேண்டுமே என்று ஏங்கினார். வந்தால் என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தார்.

நம்பினால் நம்புங்கள், வந்துவிட்டார்கள். அதுவும் ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணிக்கு. தோளில் பை, கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. சின்ன வயசுப் பெண். மைக்செட் வாசலுக்கே பாய்ந்து போய் அவளை உள்ளே அழைத்து, ஃபேனைப் போட்டு, நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார்.

"கேளும்மா, எது வேணும்னாலும் கேளு. இந்த ஊர்லயே உனக்கு இப்படி ஒரு ஆளு கிடைக்க மாட்டான்."

"ஒரு நிமிஷம் சார். இந்த வீட்டுல ஓட்டு இருக்கிறவங்க எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு. நானும் வீட்டுக்காரியும். பொண்ணு கல்யாணமாகிப் போயிட்டா."

"உங்க ரெண்டு பேர்ல அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருது?"

"அது எதுக்கு?"

"அடுத்து யாருக்கு வருதோ அவங்ககிட்டதான் கேக்கணும் சார். நாங்களா ஆளைத் தேர்ந்தெடுக்கக் கூடாதுன்னு ஒரு விதி."

மைக்செட் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "எனக்குத்தான். அடுத்த வாரம்."

அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்தபடி மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, உங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு பிறந்தநாளா? போன மாசம்தானே பொண்ணு போன் பண்ணி வாழ்த்து சொன்னா?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அது இதுதான். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்போ அம்மாகிட்டதான் கேக்கணும். நீங்க கொஞ்சம் உள்ள இருங்க சார். பக்கத்துல ஆள் இருக்கக் கூடாது" என்றாள்.

தன் சொந்த வீட்டில், தன் சொந்த வாயை மூடிக்கொண்டு, மைக்செட் அடுப்படிக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற பாவனை செய்தார். உடனே மூடினார். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. போகட்டும், இவளும் நம் பேச்சை இருபத்தைந்து வருஷமாகக் கேட்டவள்தானே, நாம் சொல்வதைத்தான் சொல்லப்போகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

முதல் கேள்வி புதிய பஸ் கட்டணம். இரண்டாவது, சான்றிதழ்களையெல்லாம் கம்ப்யூட்டர் மூலம் கொடுப்பது. "பாதி நல்லது, பாதி தொல்லைம்மா" என்றாள் மனைவி. "வரிசையில நிக்க வேண்டியதில்ல, அது நல்லது. ஆனா தப்பு நடந்தா யாரைப் போய்க் கேக்கறது? முன்னாடி திட்டறதுக்காவது ஒரு ஆளு இருந்தாரு." அடடே, இவள் எப்போது இதையெல்லாம் யோசித்தாள்? மைக்செட் கையில் ஒரு கரண்டியோடு அப்படியே நின்றார்.

"கடைகளுக்குக் கட்டாய வார விடுமுறை. முழு ஆதரவா, ஓரளவு ஆதரவா, எதிர்ப்பா?"

"முழு ஆதரவு."

கரண்டி தொட்டியில் விழுந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "காரணம்? ஓய்வு, குடும்பத்தோட நேரம், வெளியூர்ப் பயணம். இதுல எது?"

"எதுவும் இல்லம்மா. மத்தவைன்னு ஒண்ணு இருக்கா? அதுல எழுதிக்கோ." மனைவி குரலைத் தாழ்த்தினாள். ஆனால் அந்த வீட்டில் குரலைத் தாழ்த்தி என்ன, இரண்டே அறை. "அவரு நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பாக்குறவரு. சாயங்காலம் ரெண்டு காலும் வீங்கிப்போகும். சாக்ஸ் ரப்பர் பட்ட இடம் பள்ளம் விழுந்து அப்படியே நிக்கும். எனக்குத் தெரியக் கூடாதுன்னு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து கழட்டுவாரு. எனக்கு என்ன கண்ணு இல்லையா? புதன்கிழமை மட்டும்தான் அந்தக் கால் மனுஷன் கால் மாதிரி இருக்கு. உலகத்துல இருக்கிற எல்லாத்தையும் பத்திப் பேசுவாரு. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை என்கிட்ட வராது. நானும் கேட்டுப் பாத்துட்டேன். 'எனக்கென்ன, சிங்கம் மாதிரி இருக்கேன்'பாரு. சிங்கத்துக்கு நான் எண்ணெய் தேய்ச்சுவிட முடியுமா?"

"அம்மா, இதுல நாப்பது எழுத்துதான் பிடிக்கும்."

"அப்போ, 'கால் வீக்கம் வடியுது'ன்னு போடு. அது போதும்."

மிச்சக் கேள்விகள் என்ன என்று மைக்செட்டுக்குத் தெரியாது. அவர் காதில் ஏறவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார். வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் ஒளித்துவைத்ததை இவள் துணி துவைக்கிறபோதும், சோறு போடுகிறபோதும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அந்தப் பெண் கிளம்பும்போது வாசல் வரை போய் மறித்தார். "என் கருத்தை எங்கேம்மா போடறது? முந்நூத்திப் பன்னெண்டு பேரு என் பக்கம் இருக்காங்க!"

"ஒரு வீட்டுக்கு ஒரு ஆளுதான் சார். மன்னிச்சுக்கோங்க." அவள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள்.

அவர் திரும்பினார். கோபத்தை வரவழைத்துக்கொண்டார். "ஏன்டி, என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

மனைவி, அந்தப் பெண் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "இப்போ கேக்குறேன். அடுப்பை அணைச்சாச்சு. எனக்கு ஒரு வேலையும் இல்ல. உங்க கருத்தைச் சொல்லுங்க."

மைக்செட்டும் உட்கார்ந்தார். ஆறு மாதமாகச் சேர்த்துவைத்த பிரசங்கம் முழுக்கத் தொண்டையில்தான் இருந்தது. வர்த்தக உரிமை, வாடிக்கையாளர் வசதி, மற்ற மாநிலங்களின் நிலவரம். அவள் அவருடைய காலைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

"வலிக்குது" என்றார்.

"எந்தக் கால்?"

"ரெண்டும்தான். இடது கொஞ்சம் கூட."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

அவள் திட்டவில்லை. எழுந்துபோய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, அவர் கால்கள் இரண்டையும் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

"நாளைக்குக் கடையைப் பத்து மணிக்குத் திறந்தா போதும். காலையில டாக்டரைப் பாத்துட்டு வந்துடுவோம்" என்றாள்.

மைக்செட் அதற்கு மாற்றுக் கருத்து எதுவும் சொல்லவில்லை.