சனிக்கிழமை இறங்கி வந்த மூன்றாவது மாடி

கொன்றைப்பட்டு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி செவ்வாய்க்கிழமைதோறும் காலை ஏழரைக்குக் கீழே இறங்கி வரும். இதயம் பலவீனமானவர்களுக்கான பிரிவை அங்கேதான் வைத்திருந்தார்கள். அறுபத்தெட்டு படிகள். அத்தனையும் ஏற முடிந்தவருக்கு அந்தப் பிரிவில் வேலை இல்லை. வேலை உள்ளவருக்கோ இருபதாவது படிக்கு மேல் மூச்சு இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டு மாடியே இறங்கி வர ஆரம்பித்தது. அந்த நேரத்தில் ஒன்றாம் மாடியும் இரண்டாம் மாடியும் ஒதுங்கி வேப்பமரத்தடியில் நிற்கும். ஒரு மணிக்கு எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இன்பவல்லி அங்கே இரண்டு வருடமாகப் போய்வருகிறாள். பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை, வயது ஐம்பத்தாறு. இதயம் ரத்தத்தை முழுசாகத் தள்ளுவதில்லை என்று சொல்லியிருந்தார்கள். நர்ஸ் பிரிசில்லா ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்: 'தினமும் எடை பார்க்கவும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம்.' இன்பவல்லி அந்த அட்டைக்குக் குங்குமப் பொட்டு வைத்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். தினமும் கும்பிடுவாள். படிப்பதுதான் இல்லை.

அந்த வாரம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். ஆறு மணி நேர பஸ் பயணம். உடம்பில் தேங்கும் நீரை இறக்கத் தினமும் ஒரு மாத்திரை உண்டு; அதைப் போட்டால் அரை மணிக்கொரு தரம் ஒதுங்க வேண்டும். எந்த முகத்தோடு டிரைவரிடம் பஸ்ஸை நிறுத்தச் சொல்வது? மூன்று நாள் மாத்திரையைத் தொடவே இல்லை. போதாக்குறைக்குப் பந்தியில் அப்பளத்தையும் ஊறுகாயையும் ஒரு கை பார்த்தாள்.

வீடு திரும்பி, சனிக்கிழமை காலை எடை பார்த்தால் மூன்று கிலோ கூடியிருந்தது. கால் செருப்புக்குள் போகவில்லை. சாய்ந்தால் மூச்சு முட்டியது.

"கேஸ்தான்" என்று கணவர் கோதண்டம் தீர்ப்புச் சொல்லி, ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார். ஏப்பம் வந்தது. மூச்சு வரவில்லை. அவருக்கு முகம் மாறிவிட்டது.

"போன் போடட்டுமா?"

"இன்னிக்கு சனிக்கிழமைங்க. அவ்வளவு பெரிய மாடிய எனக்கு ஒருத்திக்காக இறங்கச் சொல்றதா? அதுவும் நானே மாத்திரைய நிறுத்திட்டு? செவ்வா..."

கிழமையை முடிக்க அவளிடம் மூச்சு மிச்சமில்லை. வெட்கம் மட்டும் நிறைய இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆளே போய்விடுவாள் என்று கோதண்டத்துக்குப் புரிந்தது. மறுபேச்சு கேட்காமல் போனை எடுத்தார்.

பிரிசில்லா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எடை எவ்வளவு கூடியிருக்கிறது?

"மூணு கிலோம்மா."

"படுக்க வைக்காதீங்கய்யா, உட்காரவே வைங்க. மாடி கிளம்பிடுச்சு."

பத்தே நிமிடத்தில் மாடி கடைத்தெரு வழியாக வந்துவிட்டது. டீக்கடைக்காரர் முன்னால் நீட்டியிருந்த கூரைச் சாய்ப்பை மடக்கிக்கொண்டார், ஆட்டோக்கள் ஓரங்கட்டின. மின்கம்பி வரும் இடங்களில் அது குனிந்துகொண்டது. வாசலில் நின்று, தன் தரையை அவள் வீட்டுத் தரையோடு ஒட்டி வைத்துக்கொண்டது. ஒரு படிகூட ஏற வேண்டியிருக்கவில்லை. இன்பவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு, மாத்திரையைப் பற்றிக் கேட்டார். இன்பவல்லி தலையைக் குனிந்துகொண்டு உள்ளதைச் சொன்னாள்.

"பஸ்ல போற அன்னிக்கு நேரத்த மாத்திப் போட்டுக்கலாம்மா. எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"இதெல்லாம் கேக்கலாம்னு தெரியாது டாக்டர்."

"கேக்கத்தான் நாங்க இருக்கோம்."

திட்டு வாங்கத் தயாராக இருந்தவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. விசும்பி அழுதாள். சாயங்காலத்துக்குள் உடம்பிலிருந்த நீர் பெருமளவு இறங்கிவிட்டது. மூச்சு முட்டாமல் ஒரே தலையணையில் தலை வைத்துப் படுத்தாள். அந்த டாக்டரும் நர்ஸும் மாடியும் நன்றாக இருக்கவேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னாள்.

இரண்டு நாள் மாடியிலேயே தங்கிப் போகச் சொன்னார்கள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. மூன்றாவது மாடி இங்கே நின்றால் இரண்டாம் மாடிக்கு மேலே கூரை ஏது? அங்கே பிரசவ வார்டு. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"என்னங்க, நம்ம வீட்ட அனுப்புங்க" என்றாள். "சும்மாதானே நிக்குது."

கோதண்டம் அடுப்பை அணைத்துவிட்டு, ஜன்னல்களைச் சாத்தி, சுவரைத் தட்டி வழி சொல்லி அனுப்பினார். இரண்டு அறை வீடுதான், கைகாலை அகட்டி உட்கார்ந்தால் வார்டை மூடிவிடும். வெளியூர் போகாத வீடு. கொஞ்சம் கூச்சத்தோடுதான் தெருவைக் கடந்தது. அது போய்ச் சேர்ந்த பிறகே மழை விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை அங்கே மூன்று குழந்தைகள் பிறந்தன. பிறப்புப் பதிவேட்டில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் கோதண்டம் வீட்டுக் கதவு எண்ணை எழுதினார்கள். திங்கட்கிழமை காலை அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, ரேஷன் கார்டில் மூன்று பேரைச் சேர்த்துவிட்டு வரக் கிளம்பினார்.