ஜுபைதாவின் பிரியாணிப் போசி

ஒகேனக்கல் வரைக்கும் வந்துவிட்டு வீட்டில் ஆக்கியதையா தின்பார்கள்? "ஆத்து மீனைச் சுடச்சுட வறுத்துத் தர்றாங்க. உன் பிரியாணி கார்லயே கெடக்கட்டும். எப்படியும் உப்பு கம்மியாத்தான் இருக்கும்" என்றார் அப்துல் ஷுக்கூர். விடியற்காலையில் எழுந்து தம் போட்ட மனைவி ஜுபைதா, பிரியாணி இருந்த போசியின் மூடியை அழுத்தி மூடிக் காரிலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

மீனை ஒரு பிடி பிடித்து, பரிசலிலும் சுற்றிவிட்டுக் குடும்பம் திரும்பியபோது காரின் கண்ணாடி தூள்தூளாகிக் கிடந்தது. திருடன் உள்ளே எல்லாவற்றையும் கிளறிப் போட்டிருந்தான். ஆனால் துணிப்பை, சார்ஜர், குடை எதையும் எடுக்கவில்லை. பிரியாணிப் போசி மட்டும் காலி. எலும்புகளை அதன் மூடியில் ஒழுங்காகக் குவித்து வைத்திருந்தான்.

"ஸ்டேஷனுக்குப் போலாம் வா. அந்த நாயை விடக்கூடாது!" என்று குதித்தார் ஷுக்கூர்.

ஜுபைதா போசிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"கண்ணாடிதானே, மாத்திக்கலாம் விடுங்க. உப்பில்ல ஒறப்பில்லன்னு ஒரு வார்த்தை சொல்லாம சாப்பிட்டுட்டுப் போயிருக்காரு மனுஷன். நல்லா இருக்கட்டும்."