இந்த வருஷத் தேவதை

ஹாம்பர்க் புகைப்படக் கண்காட்சிக்குப் பன்னிரண்டு வருஷமாக மெட்டாதான் தேவதை. கணவன் ஹின்ரிக் அவளை விடியலாக, தூய்மையாக, நம்பிக்கையாக நிற்கவைத்து, பனிமூட்டம் போல மங்கலாகப் படம் எடுத்துத் தள்ளியிருந்தான். இந்த வருஷம் தேவதை கையில் பிடிக்கும் லில்லிப் பூவை வேலைக்காரி வீப்கேயிடம் கொடுத்துவிட்டான்.

"உனக்கு வயசாயிடுச்சு மெட்டா. கோச்சுக்காதே."

"அப்பாடா! ஏண்டி வீப்கே, மூக்கு அரிச்சா சொரிஞ்சிடாதே. தேவதைக்கு அரிக்காது."

மெட்டா ஜன்னலோரம் பொத்தென்று உட்கார்ந்து, காலணிகளை உதறிவிட்டுக் கண்ணை மூடினாள். அத்தனை வருஷ அலுப்பும் ஒரே பெருமூச்சாக வந்தது.

ஹின்ரிக் கேமராவை அவள் பக்கம் இழுத்துத் திருப்பும் சத்தம் கேட்டது.

"அசையாதே மெட்டா! இதான்... இதான் 'பேரமைதி'!"

"அமைதியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லங்க," என்றாள் மெட்டா, பழக்கதோஷத்தில் உதடு அசையாமல். "கால் வலி."